எந்த நுளம்பு? சேர் ரொனால்ட் ரொஸ்ஸின் வாழ்க்கை

வைத்தியராக வேண்டும் என்று ரொனால்ட் ரொஸ் சிறு வயதில் ஆசைப்பட்டதே இல்லை. கவிதை எழுத வேண்டும், ஓவியம் தீட்ட வேண்டும் என்பனவே அவரது கனவுகள். தந்தையின் சொல்லைத் தட்ட முடியாமல்தான் மருத்துவம் படித்தார். வகுப்பில் முன்வரிசை மாணவராகவும் அவர் இருக்கவில்லை. அப்படிப்பட்ட ஒருவரே 1902 ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். மலேரியாவை நுளம்பு பரப்புகிறது என்று கண்டுபிடித்தவர் ரொஸ் என ஒரு வரியில் படித்துவிட்டு நாம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் எல்லா நுளம்பும் மலேரியாவைப் பரப்புவதில்லை. எந்த நுளம்பு பரப்புகிறது என்று அறிவதற்கே அவருக்கு இரண்டு வருடங்களுக்கு மேல் சென்றன. அந்தக் கேள்வி அவரோடு முடிந்துவிடவும் இல்லை. எமது நாட்டு ஆய்வுகூடங்களில் அது இன்றும் கேட்கப்படுகிறது.

ரொஸ் 1857 மே 13 ஆம் திகதி வட இந்தியாவின் அல்மோரா என்ற மலை நகரில் பிறந்தார். மீரட் நகரில் சிப்பாய்க் கிளர்ச்சி வெடித்து மூன்றே நாட்கள் ஆகியிருந்தன. தந்தை பிரித்தானிய இந்தியப் படையின் அதிகாரி. பத்துப் பிள்ளைகளுள் ரொஸ்ஸே மூத்தவர். எட்டு வயதில் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். இலண்டன் புனித பார்த்தலோமியு மருத்துவமனையில் கற்று, ஒரு பரீட்சையில் தவறி, சில காலம் கப்பல் வைத்தியராக வேலை செய்து, பின்னர் 1881 இல் இந்திய மருத்துவ சேவையில் சேர்ந்து மதராஸுக்கு வந்தார். அங்கே ஓய்வு நேரத்தில் கணிதத்தைத் தானாகவே கற்றுக்கொண்டார். வைத்தியருக்குக் கணிதம் எதற்கு என்று அப்போது பலரும் நினைத்திருக்கக் கூடும். அதற்கான விடை பின்னர் கிடைத்தது.

1883 இல் பெங்களூரில் அவர் தங்கிய வீட்டில் நுளம்புத் தொல்லை தாங்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்ப் பீப்பாயில் குடம்பிகள் நெளிவதைக் கண்டார். பீப்பாயைக் கவிழ்த்ததும் வீட்டில் நுளம்பு குறைந்தது. படைமுகாமில் உள்ள மற்றப் பாத்திரங்களையும் கவிழ்க்கலாமே என்று அவர் கேட்டபோது, இயற்கையில் நுளம்புக்கும் ஏதோ பயன் இருக்கும் என்று சொல்லி மேலதிகாரி மறுத்துவிட்டார். நுளம்புக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை அப்போது ரொஸ்ஸும் அறிந்திருக்கவில்லை.

மலேரியா என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்று பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் நச்சுக் காற்றே இந்தக் காய்ச்சலைத் தருகிறது என்று பல நூற்றாண்டுகளாக மக்கள் நம்பினர். 1880 இல் அல்ஜீரியாவில் லவரான் என்ற பிரெஞ்சு வைத்தியர் நோயாளியின் குருதியில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அந்த ஒட்டுண்ணி ஒரு மனிதரிலிருந்து இன்னொருவருக்கு எப்படிச் செல்கிறது என்பது தெரியவில்லை. யானைக்கால் நோயின் புழு நுளம்பின் உடலுக்குள் வளர்வதை முன்னரே கண்டிருந்த பற்றிக் மன்சன், மலேரியாவிலும் நுளம்புக்குப் பங்கு இருக்கலாம் என்று 1894 இல் இலண்டனில் ரொஸ்ஸிடம் கூறினார். ஆனால் நுளம்பு குடித்த குருதியோடு தண்ணீரில் விழுந்து இறக்கிறது, அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு நோய் வருகிறது என்பதே மன்சனின் எண்ணம். பாதி சரி, பாதி பிழை.

1895 இல் ரொஸ் செக்கந்தராபாத் திரும்பினார். நோயாளிகளுக்குப் பணம் கொடுத்து நுளம்புகளைக் கடிக்கவிட்டு, அவற்றை ஒவ்வொன்றாக அறுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். வயிறு, இரைப்பைச் சுவர், தசை என ஓர் இடமும் விடவில்லை. நூற்றுக்கணக்கான நுளம்புகளைச் சோதித்தும் எதுவும் கிடைக்கவில்லை. காரணம் எளியது. அவர் எடுத்தவை வீடுகளைச் சுற்றித் தாராளமாகக் கிடைத்த சாம்பல் நிற நுளம்புகளும் வரி நுளம்புகளுமே. இன்று நாம் கியூலெக்ஸ், ஈடிஸ் என்று அழைக்கும் அவை மனித மலேரியாவைப் பரப்புவதில்லை. கவனமாகவும் நேர்மையாகவும் செய்த வேலை, பிழையான நுளம்பில் நடந்துகொண்டிருந்தது.

1897 ஏப்ரலில் அவர் ஊட்டிக்குச் சென்றார். நீலகிரியின் உச்சியில் காய்ச்சல் இல்லை. அடிவாரத்துச் சிகூர் கணவாயிலும் அதைச் சுற்றிய தோட்டங்களிலும் அது கொடிகட்டிப் பறந்தது. ஆராயச் சென்ற ரொஸ்ஸுக்கே மலேரியா பிடித்தது. மலையகத்தில் வாழும் எமக்கு இது புதிய செய்தி அன்று. நுளம்பின் உடலுக்குள் ஒட்டுண்ணி வளர்வதற்கு வெப்பம் தேவை. வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் அந்த வளர்ச்சி நின்றுவிடும். நுவரெலியாவின் குளிரில் மலேரியா வேரூன்றாததன் இரகசியம் இதுவே. ஆனால் தோட்டங்களில் கோப்பி நட்ட கைகள் வானத்திலிருந்து இறங்கி வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் கடலைக் கடந்து மன்னாரில் இறங்கி, வடபகுதிக் காடுகளின் ஊடாக மாத்தளைவரை கால்நடையாக நடந்தார்கள். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் வழி நெடுக அவர்களைப் பலிகொண்டன. மலைக் குளிரை எட்டுமுன்னே மண்ணில் சாய்ந்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. ரொஸ் தேடிய விடை அந்தப் பாதையில் நடந்தவர்களுக்கும் தேவைப்பட்ட விடைதான்.

1897 ஓகஸ்டில் செக்கந்தராபாத்தில் அவரது உதவியாளர்கள் வேறு வகைக் குடம்பிகளைக் கொண்டுவந்து சேர்த்தனர். அவற்றிலிருந்து இறகில் புள்ளிகள் கொண்ட நுளம்புகள் வெளிவந்தன. ஓகஸ்ட் 16 ஆம் திகதி ஹுசைன் கான் என்ற நோயாளி அந்த நுளம்புகள் தன்னைக் கடிக்க இடம் கொடுத்தார். ஒரு நுளம்புக்கு ஓர் அணா கூலி. ஓகஸ்ட் 20 ஆம் திகதி கொளுத்தும் வெயில். காற்று வீசினால் அறுத்த நுளம்பு பறந்துவிடும் என்பதால் விசிறிகூட இல்லை. நெற்றி வியர்வை பட்டு நுணுக்குக்காட்டியின் திருகாணிகள் துருவேறியிருந்தன. மிஞ்சியிருந்தவை மிகச் சில நுளம்புகளே. அவற்றுள் ஒன்றின் இரைப்பைச் சுவரில் வட்டமான கலங்களைக் கண்டார் ரொஸ். அவற்றினுள்ளே மலேரியா ஒட்டுண்ணிக்கே உரிய கரிய மணிகள் இருந்தன. மறுநாள் அறுத்த நுளம்பில் அந்தக் கலங்கள் மேலும் பெருத்திருந்தன. ஒட்டுண்ணி அங்கே உயிரோடு வளர்கிறது என்பது உறுதியாயிற்று. அந்த நுளம்புதான் அனோபிலிஸ். ஓகஸ்ட் 20 இன்று உலக நுளம்பு தினமாக நினைவுகூரப்படுகிறது.

கண்டுபிடிப்புக்குப் பரிசாக அவருக்குக் கிடைத்தது இடமாற்றம். மலேரியா அரிதாக இருந்த கேர்வாரா என்ற இடத்துக்கு அனுப்பப்பட்டார். பல மாதங்களின் பின்னர், 1898 பெப்ரவரியில், கல்கத்தாவில் ஓர் ஆய்வுகூடம் கிடைத்தது. மனிதரில் சோதனையைத் தொடர முடியாததால் பறவை மலேரியாவை எடுத்துக்கொண்டார். முகம்மது பக்ஷ் என்ற உதவியாளர் அங்கே அவருக்கு வலக்கையாக இருந்தார். 1898 ஜூலையில் ஒட்டுண்ணி நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதையும், அந்த நுளம்பு கடித்த நலமான குருவிகளுக்கு நோய் தொற்றுவதையும் ரொஸ் நிறுவினார். நோய் தண்ணீரால் வருவதில்லை, கடியால் வருகிறது என்பது தெளிவாயிற்று. அதே ஆண்டின் இறுதியில் இத்தாலியில் கிராசியும் அவரது தோழர்களும் மனித மலேரியாவில் அனோபிலிஸின் பங்கை முழுமையாக நிறுவினர். இரு தரப்பிலும் உழைப்பு இருந்தது. ஆயினும் முதலில் கண்டவர் யார் என்ற பகை ரொஸ்ஸின் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. கிராசியின் பங்கை மனமார ஏற்க அவரால் முடியவில்லை. பெரிய மனிதர்களுக்கும் சிறிய மனம் வரும் வேளைகள் உண்டு. ஹுசைன் கானுக்கும் முகம்மது பக்ஷுக்கும் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. அவர்கள் இல்லாமல் இந்தக் கதையும் இல்லை.

1899 இல் இந்தியாவை விட்டுச் சென்ற ரொஸ், லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் கற்பித்துக்கொண்டே நுளம்பை ஒழிக்கும் வழிகளைத் தேடினார். சுயெஸ் கால்வாய்க் கரையில் உள்ள இஸ்மாயிலியா நகரில் நீர் தேங்கும் இடங்களை ஒழித்தபோது மலேரியா பெரிதும் குறைந்தது. லாகூருக்கு அருகிலுள்ள மியான் மீர் முகாமிலோ அதே முயற்சி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. துப்புரவாக்கிய இடத்துக்கு வெளியிலிருந்து நுளம்புகள் வந்து சேர்ந்ததா என்ற விவாதம் எழுந்தது. மதராஸில் கற்ற கணிதம் இங்கே கைகொடுத்தது. ஒரு நுளம்பு தன் வாழ்நாளில் பிறந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு பெரிய வட்டத்தைத் துப்புரவாக்கினால் நடுவில் உள்ளவர்கள் தப்புவார்கள் என்று 1904 இல் அவர் கணக்கிட முயன்றார். அந்தக் கணக்கை அடுத்த ஆண்டு கார்ல் பியர்சன் என்ற கணித அறிஞர் எடுத்துக்கொண்டார். எழுமாற்று நடை என்று இன்று கணிதத்தில் அழைக்கப்படும் பகுதி அதிலிருந்து வளர்ந்தது.

1908 இல் மொரிசியஸ் தீவின் மலேரியா பற்றிய தமது அறிக்கையில் ரொஸ் இன்னொரு கணக்கை வெளியிட்டார். கடைசி நுளம்புவரை கொல்லத் தேவையில்லை. மனிதத் தொகையோடு ஒப்பிடும்போது நுளம்புகளின் எண்ணிக்கை ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் நோய் தானாகவே மறையும் என்பதே அதன் சாரம். அதே 1908 இல்தான் ஹார்டி என்ற ஆங்கிலேயரும் வைன்பேர்க் என்ற ஜேர்மானியரும், ஒருவரை ஒருவர் அறியாமலே, உயர்தர உயிரியலில் நாம் படிக்கும் ஹார்டி-வைன்பேர்க் சமநிலையை வெளியிட்டனர். ஒரு குடித்தொகையில் எழுமாறாக இனக்கலப்பு நடந்து, வேறு எந்த விசையும் தொழிற்படாவிட்டால் எதிருருக்களின் மீடிறன் தலைமுறைக்குத் தலைமுறை மாறாது என்பதே அந்த விதி. குடித்தொகைப் பிறப்புரிமையியலுக்கு அத்திவாரம் அதுவே. ரொஸ்ஸின் கணக்கும் அந்த விதியும் பின்னாளில் ஒரே நுளம்பில் வந்து சந்திக்கும் என்று அன்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

1911 இல் ரொஸ் சேர் பட்டம் பெற்றார். 1926 இல் அவர் பெயரால் இலண்டனில் ஓர் ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டது. 1932 செப்டெம்பர் 16 ஆம் திகதி அவர் காலமானார். அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளில் இலங்கையைப் பேரழிவு தாக்கியது. 1934 இல் மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அந்தக் குட்டைகளில் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்ற நுளம்பு பெருகியது. 1935 வரை நீடித்த அந்தக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். பத்து ஆண்டுகளின் பின்னர் டீ.டீ.ரி. வந்தது. வீட்டுச் சுவர்களில் அதைத் தெளித்ததும் நோய் வீழ்ந்தது. 1963 இல் முழு நாட்டிலும் 17 நோயாளிகள் மட்டுமே பதிவாகினர். வெற்றி பெற்றுவிட்டோம் என்று நம்பித் தெளிப்பு நிறுத்தப்பட்டது. 1969 இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மீண்டும் டீ.டீ.ரி.யை எடுத்தபோது அது முன்போல வேலை செய்யவில்லை. 1977 இல் மலத்தியனுக்கு மாற வேண்டியதாயிற்று.

ஏன் அது வேலை செய்யவில்லை? இங்கேதான் குடித்தொகைப் பிறப்புரிமையியல் பேசத் தொடங்குகிறது. நஞ்சைத் தாங்கும் பரம்பரையலகு கொண்ட நுளம்பு தொடக்கத்தில் ஆயிரத்தில் ஒன்றாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மருந்து மற்றவற்றைக் கொன்றுவிடுகிறது. அந்த ஒன்று பிழைத்து முட்டையிடுகிறது. நுளம்புக்கு ஒரு தலைமுறை என்பது சில வாரங்கள்தான். ஆகவே சில ஆண்டுகளுக்குள் அரிதாக இருந்த எதிருரு பொதுவானதாகிவிடுகிறது. தனி நுளம்பு எதுவும் நஞ்சுக்குப் பழகவில்லை. மாறியது குடித்தொகை. எனவே இப்போது மருந்து தோற்கும்வரை காத்திராமல், பிடித்த நுளம்புகளில் அந்த எதிருருவின் மீடிறனை முன்கூட்டியே அளந்து மருந்தை மாற்ற முடிகிறது.

ரொஸ்ஸின் முதற் கேள்வியும் மீண்டும் எழுந்தது. கியூலிசிபேசிஸ் ஒரே இனம் என்றே நீண்ட காலம் நம்பப்பட்டது. 1980 இல் இந்திய நுளம்புகளின் நிறமூர்த்தங்களைப் பார்த்தவர்கள் வியப்படைந்தனர. ஒரே இடத்தில் பிடித்த நுளம்புகளில் இரு வகை நிறமூர்த்த அமைப்புகள் இருந்தன. இரண்டும் கலந்த இதரநுகங்கள் இருக்கவில்லை. ஹார்டி-வைன்பேர்க் விதிப்படி அவை கலந்து இனம்பெருக்கியிருந்தால் இதரநுகங்கள் கட்டாயம் கிடைத்திருக்கும். ஆகவே பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அவை ஒன்றோடொன்று கூடாத வெவ்வேறு இனங்கள். இப்படி ஆங்கில எழுத்து வரிசையில் ஏ, பி, சி, டி என நான்கு சகோதர இனங்கள் பிரித்தறியப்பட்டன.

இலங்கையில் ஒரு புதிர் எஞ்சியது. இங்கே இருப்பது பி இனம் மட்டுமே என்று கருதப்பட்டது. இந்தியாவிலோ பி இனம் பெரும்பாலும் மாட்டுக் குருதியை நாடும், மலேரியாவைப் பரப்புவதில் வலுவற்றது. அப்படியானால் எமது நாட்டில் இத்தனை உயிர்களைக் குடித்தது எது? விடை எமது முன்னோர் கப்பலேறிய கரையில் இருந்தது. 1999 இல் இராமேஸ்வரம் தீவில், பி இனம் போலவே தோன்றினாலும் ஆண் நுளம்பின் வை நிறமூர்த்த வடிவத்தால் வேறுபட்ட ஓர் இனம் இருப்பதாக இந்திய ஆய்வாளர்கள் அறிவித்தனர். நோயைப் பரப்புவது அதுவே. அது ஈ இனம் எனப் பெயர் பெற்றது. அடுத்த ஆண்டே அந்த இனம் இலங்கையிலும் இருப்பதை எமது நாட்டு ஆய்வாளர்கள் காட்டினர். செக்கந்தராபாத்தில் ரொஸ் இறகுப் புள்ளியைப் பார்த்துப் பிரித்தார். நூறு ஆண்டுகளின் பின்னர் ஒரு நிறமூர்த்தத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டியிருந்தது. பிரித்தறியாவிட்டால், மாட்டுத் தொழுவத்து நுளம்பை எண்ணிவிட்டு ஆபத்தான நுளம்பைத் தவறவிட்டிருப்போம்.

2012 ஒக்டோபருக்குப் பின்னர் பல ஆண்டுகளாக உள்நாட்டில் தொற்றிய மலேரியா எமது நாட்டில் பதிவாகவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னாரில் ஒரு புதிய நுளம்பு கண்டறியப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபென்சி அது. கிணறுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் பெருகக் கூடியது. 2012 இல் ஆபிரிக்காவின் ஜிபூட்டியில் இது தோன்றிய பின்னர் அங்கே மலேரியா பலமடங்கு கூடியது. எழுமாற்று நடைக் கணக்கால் ரொஸ் அறிய முயன்ற கேள்வி இங்கே திரும்பி வருகிறது: இது எங்கிருந்து வந்தது, எவ்வளவு தூரம் போகும்? பிடித்த நுளம்புகளின் டீ.என்.ஏ.யை மற்ற நாடுகளின் நுளம்புகளோடு ஒப்பிட்டால் அவற்றின் உறவு தெரியும். ஒரு தடவை வந்து பெருகியதா, திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறதா என்றும் ஊகிக்கலாம். திரும்பத் திரும்ப வருமானால், உள்ளூரில் எவ்வளவு ஒழித்தாலும் துறைமுகத்தைக் காவல் செய்யாமல் பயனில்லை.

எங்கள் மலையில் குளிர் இருக்கிறது, எமக்கு என்ன பயம் என்று இருந்துவிட முடியாது. இங்கிருந்து கொழும்புக்கும் மன்னாருக்கும் தொழிலுக்குப் போய்ப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் வீடு திரும்புவோர் பலர். டெங்கு நுளம்பான ஈடிஸுக்கு மலேரியாவின் சட்டங்கள் பொருந்தா. லயத்துக்குப் பின்னால் மழைநீர் பிடிக்கும் பீப்பாயும், மரக்கறித் தோட்டத்துத் தண்ணீர்த் தாங்கியும், எறிந்த டயரும் அதற்குப் போதும். 1883 இல் ரொஸ் கவிழ்த்த பீப்பாய் இன்றும் எமது வாசலில் நிற்கிறது.

ரொஸ்ஸின் வாழ்க்கையிலிருந்து மாணவிகளாகிய நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நோபல் பரிசின் கவர்ச்சியை அல்ல. கேள்வியைச் சரியாகக் கேட்கும் பழக்கத்தையே. இரண்டு வருடம் அவர் கடுமையாக உழைத்தார். ஆனால் எந்த நுளம்பு என்று கேட்ட பின்னரே அந்த உழைப்பு பலித்தது. உயிரியலில் எதிருரு மீடிறன் கணக்குச் செய்யும்போது அது பரீட்சைக்கான கணக்கு மட்டும்தான் என்று எமக்குத் தோன்றலாம். அதே கணக்குத்தான் மன்னாரில் பிடித்த நுளம்புக்கும் செய்யப்படுகிறது. அதைச் செய்ய எமது நாட்டுக்கு இன்னும் பல கைகள் வேண்டும். அவற்றுள் சில மலையகத்துப் பெண்பிள்ளைகளின் கைகளாக இருக்கட்டும். பெற்றோரும் அதற்குத் துணை நிற்கட்டும். வகுப்பு விட்டு வீடு போனதும் பீப்பாயின் மூடியை ஒரு தடவை பார்த்துவிடுவோம்.